கடாரம் கொண்ட சோழன்

மாட்டுப் பொங்கலன்று வாங்கி வந்த நெட்டி மாலை வீணாகக் கூடாது என்று அம்மா அதைச் சோழனின் கழுத்தில் போட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. பசுவை ஐப்பசியிலேயே விற்றுவிட்டோம் என்பதை மறந்து, பழக்கதோஷத்தில் மாலை வாங்கி வந்தவன் நான். மாலையும் மரியாதையும் தனக்கென்றால் படையலும் தனக்குத்தான் என்று ஒரு நாய் முடிவு செய்வதில் தவறு காண முடியாது. ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டில் கடல் கடந்து போய்க் கடாரம் கொண்டான். எங்கள் சோழன் கொல்லைப்படியை மட்டும் கடந்து வந்து சர்க்கரைப் பொங்கல் கடாரத்தைக் கொண்டான். தலையை வெளியே எடுத்தபோது காதில் ஒரு முந்திரி ஒட்டிக்கொண்டிருந்தது. திராட்சை ஒன்றுகூட மிச்சமில்லை.

உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடியது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். அவர் ஊசி போட்டு அத்தனையையும் வாந்தி எடுக்க வைத்தார். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலத்தின் மீதுதான் சந்தேகம் என்றும், புளியிலும் அது நிறைய உண்டு என்றும் அவர் விளக்கியபோது, அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியானால் புளியோதரையும் கூடாதா?” என்று கேட்டார். வீட்டில் அப்படியொரு போக்குவரத்து நடந்துகொண்டிருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு சோழனை எடை பார்த்து, 34 கிலோ என்று எழுதிய மருத்துவர், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்றார். நானும் தடவிப் பார்த்தேன். மெத்தைதான் தட்டுப்பட்டது.

அன்றிரவே தீர்மானங்கள் நிறைவேறின. வேளைக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது என்பதை மனைவியும், வாரந்தோறும் உண்ணி பார்ப்பதை மகளும், விடியற்காலையில் காவிரிக் கரையில் நடத்திச் செல்வதை நானும் ஏற்றோம். அம்மாவுக்குப் பொறுப்பு எதுவும் தரப்படவில்லை. அவர்மேல் கண்காணிப்பு மட்டும் போடப்பட்டது. ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடும்வரை சோழன் நடந்ததைவிட நீந்தியதே அதிகம். மூடிய பிறகு குட்டை தேடிப் போய்ப் படுத்தான்.

மாசி பிறந்து, நேற்று நெல் அரைக்க மில்லுக்குப் போனபோது, குடும்பத்தோடு வண்டியில் வந்திருந்த சோழனையும் தராசில் ஏற்றினோம். முப்பத்தைந்தரை. மூட்டை நிறுப்பவர் முள்ளையும், சொட்டச் சொட்ட நின்ற சோழனையும் மாறி மாறிப் பார்த்தார். 40 கிலோ சிப்பத்துக்கு நாலரைக் கிலோதான் குறைகிறது, ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டும்போல் இருப்பதால் அரசு நெல் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல், வயதானவர்களின் செல்லம் வாயில்லா ஜீவன்களை எப்படியெல்லாம் கொல்கிறது என்று அந்த உமித் தூசியில் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

“பெரியம்மாவை ஏன் ஐயா சொல்கிறீர்கள்? தினமும் டீக்கடையில் உங்களுக்கு இரண்டு வடை, அதற்கு இரண்டு வடை என்றுதானே கணக்கு?” என்றார் அந்த மனிதர், மிகுந்த நல்லெண்ணத்தோடு.

என் தரப்பையும் சொல்லியாக வேண்டும். நாயின் இரத்தத்துக்கு வெங்காயம் ஆகாது என்பதால், ஒவ்வொரு வடையையும் பிட்டு, வெங்காயத் துணுக்குகளை நகத்தால் நோண்டி எடுத்து, செய்தித்தாளில் இருமுறை அழுத்தி எண்ணெயை வாங்கிய பிறகே கொடுத்தேன். அவ்வளவு அக்கறையோடு எனக்கு யாரும் வடை கொடுத்ததில்லை. இந்த வாதம் வண்டியில் எடுபடவில்லை. வீடு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சோழனின் காதை மட்டும் தடவிக்கொண்டே வந்தார்.

இன்று காலை முதல் நடைப் பொறுப்பு மனைவியிடம் போயிற்று. முக்கால் மணி நேரத்து நடைக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்த மனைவி நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். திண்ணையோரம் வந்து படுத்த சோழனின் மீசையில் தேங்காய்ச் சட்னி இருந்தது. நான் துடைத்துவிட்டேன், எதுவும் கேட்கவில்லை.