பேயைப் பார்த்தவரிடம் என்ன கேட்பது?

ஆவிகள் உலவும் மாதமாகச் சீனர்கள் கருதும், அவர்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்ததும் சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி புளோக்குகளின் அடியில் காகிதப் பணம் எரியத் தொடங்குகிறது. கெத்தாய் எனப்படும் அம்மாதப் பாட்டுக் கச்சேரி மேடைகளின் முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கென்று காலியாக விடப்படுகின்றன. அந்த நாள்களில் தமிழ் வீடுகளிலும் பேச்சு தானாகவே பேய்களின் பக்கம் திரும்பிவிடும். தேசிய சேவை எனப்படும் கட்டாய ராணுவப் பயிற்சிக்காகத் தெக்கோங் தீவுக்குப் போய்வந்த பிள்ளை ஒரு கதையோடு வருவான். கைவிடப்பட்ட பழைய சாங்கி மருத்துவமனையைப் பற்றி இன்னொருவர் ஒன்று சொல்வார். கதை முடிந்ததும் கூடத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒன்று “கண்ணால் பார்த்ததைப் பொய் என்பாயா?” என்று கேட்கும், மற்றது “எல்லாம் மூடநம்பிக்கை” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடும். இரண்டிலும் எனக்கு நாட்டமில்லை, ஏனென்றால் இரண்டுமே விசாரணையை அந்த இடத்திலேயே முடித்துவிடுகின்றன. அந்த இடத்தில் விசாரணையைத் தொடங்கிய அறிவியலாளர்கள் சிலர் இருக்கிறார்கள்; அவர்களைப் பற்றித்தான் இப்போது எழுத விரும்புகிறேன்.

1853-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆவி அழைக்கும் மேசைகள் பெரும் மோகமாக இருந்தன. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மீது கைகளை வைத்தால், யாரும் தள்ளாமலேயே மேசை நகர்ந்தது. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே இதைச் சோதிக்க முன்வந்தபோது, அங்கே அமர்ந்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று அவர் கருதவில்லை. நேர்மையானவர்கள் என்று தாம் அறிந்தவர்களையே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அட்டைகள் சிலவற்றை மென்மையான பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேசைக்கும் கைகளுக்கும் இடையில் வைத்தார். மேசை தானாக நகர்ந்து கைகளை இழுத்துச் சென்றிருந்தால் அடியிலுள்ள அட்டை முன்னே போயிருக்க வேண்டும். ஆனால் கையோடு ஒட்டியிருந்த மேல் அட்டைதான் முன்னே போயிருந்தது. அடுத்து, கை பக்கவாட்டில் தள்ளினால் உடனே சாய்ந்து காட்டும் ஒரு முள்ளை அமைத்து, அமர்ந்திருப்பவர்களின் கண்ணில் படும்படி வைத்தார். அந்த முள்ளை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த வரையில் மேசை நகரவே இல்லை. தங்கள் தசைகள் தள்ளுவதை அவர்கள் உண்மையாகவே உணர்ந்திருக்கவில்லை. நாணயத்தின்மீது விரல் வைத்து ஆவியை அழைக்கும் விளையாட்டை உயர்நிலைப் பள்ளி நாள்களில் ஆடிப்பார்த்த சிங்கப்பூரர்கள் எல்லாரும் ஃபாரடேயின் அட்டைகளைப் பற்றி ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

எல்லா மேதைகளும் இப்படி எச்சரிக்கையாக இருந்துவிடவில்லை. தாலியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்த வில்லியம் குரூக்ஸ், 1870-களில், ஆவிகளோடு தொடர்புகொள்வதாகச் சொன்ன ஊடகர்களைத் தம் வீட்டிலேயே சோதித்து அவர்களை நம்பிவிட்டார். மருத்துவத்துக்காக 1913-இல் நோபல் பரிசு பெற்ற ஷார்ல் ரிஷேயும் அதே வழியில் போனார். இயற்பியலாளரும் வேதியியலாளரும் பழகிய பொருள்கள் பொய் சொல்லாதவை. அதனாலேயே பொய் சொல்லத் தெரிந்த மனிதர்களிடம் அவர்கள் எளிதில் ஏமாந்தார்கள் என்பது என் கருத்து. நூறாண்டு கழித்தும் இந்தப் பலவீனம் மாறவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஐந்து லட்சம் டாலர் நன்கொடையில் ஒரு மனோசக்தி ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டபோது, மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி இரண்டு இளைஞர்களைச் சக்தி படைத்தவர்கள் போல நடிக்கச் செய்து அங்கே அனுப்பினார். எந்தெந்தத் தந்திரங்களைத் தடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்களுக்கு முன்கூட்டியே எழுதியும் அனுப்பினார். அப்படியிருந்தும் அந்த இளைஞர்கள் நீண்ட காலம் அகப்படவில்லை. 1983-இல் ராண்டியே உண்மையை வெளியிட்டார். இது நேர்மையான செயலா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் பாடம் சரியாகவே போய்ச் சேர்ந்தது.

ஏமாற்றுக்காரர் எவருமே இல்லாத ஆய்வும் தவறிப்போகலாம் என்பதைக் காட்டியவர் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டாரில் பெம். மனிதர்கள் எதிர்காலத்தை முன்னுணர்கிறார்கள் என்று வாதிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஒன்பது சோதனைகளை 2011-இல் ஒரு முன்னணி ஆய்விதழில் அவர் வெளியிட்டார். ஒரு சோதனையில், திரையில் தெரியும் இரண்டு திரைச்சீலைகளில் எதன் பின்னால் படம் இருக்கிறது என்று பங்கேற்பாளர் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் கணினி படத்தின் இடத்தை முடிவு செய்யும். பாலுணர்வைத் தூண்டும் படங்களில் மட்டும் 53.1 விழுக்காடு சரியாக அமைந்தது. தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியது 50 விழுக்காடு. பெம் பயன்படுத்திய புள்ளியியல் முறைகள் உளவியலில் எல்லாரும் அன்றாடம் பயன்படுத்தியவைதான். அதனாலேயே துறை அதிர்ந்தது: இந்த முறைகளால் எதிர்காலப் பார்வையையே நிரூபிக்க முடிகிறதென்றால், இதுவரை நிரூபித்ததாக நாம் நம்பிய மற்றவற்றின் கதி என்ன? ஸ்டூவர்ட் ரிட்சி, ரிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ் ஃபிரெஞ்ச் ஆகிய மூவரும் பெம்மின் வேறொரு சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அவர் சொன்ன விளைவு கிடைக்கவில்லை. முந்தைய ஆய்வுகளைத் திரும்பச் செய்யும் கட்டுரைகளைத் தாங்கள் வெளியிடுவதில்லை என்று பெம்மின் கட்டுரையை வெளியிட்ட அதே இதழ் அவர்களைத் திருப்பி அனுப்பியது. பின்னர் 2012-இல் வேறோர் இதழில் அது வெளிவந்தது. சோதனையைத் தொடங்கும் முன்பே கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் பொதுவில் பதிவு செய்துவிட வேண்டும் என்ற வழக்கம் உளவியலில் வலுப்பெற்றதற்கு இந்தச் சர்ச்சையும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், முடிவைப் பார்க்காமலேயே ஆய்வுத் திட்டத்தை மட்டும் படித்துக் கட்டுரையை ஏற்கும் முறையை இத்தகைய மனோசக்திகளை ஆராயும் ஐரோப்பாவின் அமானுட உளவியல் இதழ் ஒன்று 1970-களிலேயே கையாண்டிருந்தது. ஏளனத்துக்கு ஆளாகும் துறைக்குத்தான் தன்னைத் தானே சந்தேகிக்கும் கட்டாயம் முதலில் வருகிறது போலும்.

நம் ஊரிலும் இத்தகைய விசாரணை நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1973 ஜனவரியில் இங்குள்ள தொலைக்காட்சிப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் பெண் ஊழியர் ஒருவர் திடீரென்று அலறினார். அடுத்தடுத்து மற்றவர்களும் அலறி மயங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளம் மலாய்ப் பெண்கள். ஆவியின் வேலை என்று பேச்சு பரவியது, போமோ எனப்படும் மலாய் மந்திரவாதியும் வரவழைக்கப்பட்டார். தொழிலாளர் அமைச்சைச் சேர்ந்த மருத்துவர் பூன் உள்ளிட்டோர் இதையும் பின்னர் நடந்த இதுபோன்ற நிகழ்ச்சிகளையும் ஆராய்ந்து, வலிப்புப் போன்ற ஆவேசம், வேறொருவராக மாறிப் பேசும் நிலை, காரணம் தெரியாத திகில் என்று மூன்றாக வகைப்படுத்தினார்கள். அந்த ஆய்வுகளில் என்னைக் கவர்வது அவற்றின் தொனி. அந்தப் பெண்கள் நடிக்கிறார்கள் என்று மருத்துவர்கள் எழுதவில்லை. கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையிலிருந்து ஆலை வேலைக்கு அப்போதுதான் வந்திருந்த ஒரு தலைமுறையின் உடலில் மன அழுத்தம் இப்படியும் வெளிப்படலாம் என்று பார்த்தார்கள்.

இதே மரியாதை தேவைப்படும் இன்னோர் அனுபவம் நம் பாட்டிமார் சொல்லும் அமுக்குவான் பேய். நள்ளிரவில் விழிப்பு வரும், உடலை அசைக்க முடியாது, நெஞ்சின்மீது யாரோ உட்கார்ந்திருப்பார்கள். மலாய்க்காரரிடமும் சீனரிடமும் கேட்டுப் பாருங்கள், ஏறத்தாழ இதே வருணனை கிடைக்கும். கனவுறக்கத்தின்போது நாம் கனவுக்கேற்பக் கைகால்களை ஆட்டிவிடாதபடி மூளை தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அந்தத் தடை நீங்குவதற்கு முன் உணர்வு விழித்துக்கொண்டால் உடல் கட்டுண்டே கிடக்கும், கனவுக் காட்சியும் கலையாது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இத்தகைய அனுபவங்களை ஆராய்ந்த கிறிஸ் ஃபிரெஞ்ச், பாதிக்கப்பட்டவருக்கு இந்த விளக்கமே பாதி மருந்து என்று கருதுபவர். என் உறவுக்காரப் பெண் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அப்படியென்றால் எனக்குப் பைத்தியம் இல்லையா, அண்ணா?” என்றுதான் முதலில் கேட்டார்.

விளங்காத ஒன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரவில் மேல்வீட்டுத் தரையில் கோலிக்குண்டு விழுந்து உருளும் சத்தம் கேட்காத சிங்கப்பூரர் குறைவு; மேல்வீடு காலியாக இருந்தாலும் கேட்கிறது. குழாயில் ஓடும் நீர் சட்டென்று நிறுத்தப்படும்போது எழும் அழுத்த அலைதான் காரணம் என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். நியாயமான விளக்கம்தான், ஆனால் சொல்வதோடு நிற்காமல் சோதிக்கலாம். ஒரே புளோக்கில் மேல்மாடியிலும் நடுமாடியிலும் கீழ்மாடியிலும் தலா ஓர் ஒலிவாங்கி, நீர்க்குழாயில் ஓர் அழுத்தமானி, ஒரு மாதப் பதிவு. சத்தம் கேட்ட நேரத்தையும் அழுத்தம் ஏறியிறங்கிய நேரத்தையும் ஒப்பிட வேண்டும், எவ்வளவு ஒத்துப்போனால் ஏற்பது என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் தங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.