சிப்பில ஓட்டை போட்டது யாரு?

உவரி, இடிந்தகரை பக்கம் கரையில ஒதுங்குத சிப்பில நெறய சிப்பிக்கு சின்னதா உருண்டையா ஒரே ஒரு ஓட்டை இருக்கும் பாத்திருக்கியளா, புள்ளைய அதுல நூலக் கோத்து மாலை போட்டு வெளயாடும். அந்த ஓட்டைய போட்டது ஒரு நத்தை. சிப்பிக்கறிய திங்குத நத்தை!

ஓட்டைய வச்சே ஆளக் கண்டுபுடிச்சிரலாம். உள்ள போகப்போக சரிஞ்சு சுருங்குனா மணலுக்குள்ள பொதஞ்சு திரியுத நிலா நத்தை, ஓரம் கிணறு வெட்டுன மாதிரி நேரா எறங்குனா முரிசிட் குடும்பத்து நத்தை. பாறைல இருக்குதது பெரும்பாலும் இந்த ரெண்டாவது கூட்டந்தான்.

இந்தக் குடும்பத்துல ரொம்ப ஆராய்ச்சி நடந்தது வட அட்லாண்டிக் பாறைக்கரைல இருக்க டாக் வெல்க்ங்குத நத்தை மேல. அறிவியல் பேரு நியூசெல்லா லாபில்லஸ். அது வேலை செய்யுத விதம் இருக்கே, எனக்கு எத்தன தடவ படிச்சாலும் ஆச்சரியந்தான். காலுல இருக்க ஒரு உறுப்பு ஆசிட்ட விட்டு சிப்பியோட ஓட்ட எளக்கும், அப்புறம் ரம்பம் மாதிரி பல்லு இருக்க நாக்கால சுரண்டும், திரும்ப ஆசிட்டு, திரும்ப சுரண்டல், இப்படியே ஒரு நாள் ரெண்டு நாள் கூட ஆவும், ஓட்டை விழுந்ததும் குழாய் மாதிரி வாய உள்ள விட்டு கறியக் கரைச்சு உறிஞ்சிரும். சிப்பியும் லேசுப்பட்டதில்ல, பாறைய புடிச்சிக்கிட்டு இருக்க அதே நாரால நத்தைய கட்டிப்போட்டுரும், அது அங்கனயே பட்டினி கெடந்து சாவும்.

இந்த நத்தையவே மனுசன் வேற மாதிரி சாவடிச்சான். கப்பல் அடில பாசி, கொட்டலசு ஒட்டக்கூடாதுன்னு அடிச்ச பெயிண்ட்ல டிபிடினு ஒரு தகர விஷம். அது தண்ணில கொஞ்சூண்டு கலந்தாலே பொட்ட நத்தைக்கு ஆண் உறுப்பு மொளச்சு முட்டை வர்ற வழி அடைஞ்சிரும், முட்டை உள்ளயே தேங்கி செத்துப்போவும். 1970ல இங்கிலாந்துல பிளிமத் பக்கந்தான் மொதல்ல கவனிச்சாவ. இதோட குஞ்சு கடல்ல மெதந்து போவாது, முட்டைக்கூட்டுல இருந்து நத்தையாவே ஊர்ந்து வரும், அதனால ஒரு எடத்துல அத்துப்போனா திரும்ப வந்து சேர வருசக்கணக்காவும். 1987ல இங்கிலாந்துல சின்ன போட்டுக்கு அந்த பெயிண்ட தடை பண்ணுனாவ, உலக அளவு ஒப்பந்தம் 2001ல போட்டு 2008லதான் அமலுக்கே வந்துச்சு. இப்ப பல கரைல நத்தை திரும்பிருக்கு, அதுல எனக்கு நெசமாவே சந்தோசம்.

நம்ம பாறைலயும் இதே குடும்பத்து நத்தைய இருக்கு. தண்ணி வத்துன நேரமா பாத்து போங்க, கல்லப் பெரட்டுனா அதே மாதிரி திருப்பி வச்சிட்டு வாங்க, அடில முட்டைக்கூடு ஒட்டியிருக்கும்.