சுற்றிலும் மழை, நடுவில் நெல்

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீடு ஆற்றுக்கு ரொம்பப் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மாவைப் பக்கவாதத்துக்கு வைத்தியம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இருபது நாள்கூட ஆகவில்லை. முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியதும் தம்பியும் நானும் அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு மேல்வீட்டு ஆச்சியிடம் போனோம். கரண்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. கீழே பாத்திரங்கள் மிதந்துவந்து சுவரில் முட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

திருநெல்வேலிக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ‘மருந்தவை மந்திரம்’ என்று தொடங்கும். சின்ன வயதிலேயே அம்மா எனக்கு அதை முழுதும் சொல்லித் தந்திருக்கிறாள். அன்று ராத்திரி ஒரு வரிகூட வரவில்லை. மழையை நிறுத்து, அம்மாவைக் காப்பாற்று என்று கேட்கக்கூட நாக்கு எழவில்லை. அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ‘நெல்லையப்பா, நெல்லையப்பா’ என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். “அழாத தாயி, அவன் பாத்துக்கிடுவான்” என்றாள் ஆச்சி. மழை நிற்கவே இல்லை.

சேறெல்லாம் அள்ளி வீட்டைக் கழுவி முடித்தபிறகு, ஒரு திங்கட்கிழமை தம்பியை அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நெல்லையப்பர் கோயிலுக்குக் கிளம்பினேன். மனசு ஆறவில்லை. மழையில் நெல் நனையாமல் வேலி போட்டவர் எங்கள் வாசலுக்கு ஏன் போடவில்லை என்று கேட்கத்தான் போனேன்.

முதலில் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே இருக்கிறார் முருகன். வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். மூலவர் பாறையிலேயே செதுக்கியவர், அவரை எங்கே எடுத்துப்போவது? வெள்ளம் அவர்மேல் ஏறி ஓடும். வடிந்ததும் மணலையும் சகதியையும் வாரிப்போட்டுவிட்டு மறுபடி விளக்கேற்றுவார்கள். நான் போனபோது ஆறு தெளிந்து ஒன்றுமே நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் முங்கி எழுந்தேன். அந்த ராத்திரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஆற்றுத் தண்ணீரைப் பயமில்லாமல் தொட்டேன்.

டவுனுக்கு வந்து, பெரிய நந்தியைத் தாண்டி, இசைத்தூண்களையும் கடந்து சுவாமி முன்னால் நின்றேன். வேதபட்டர் கதையைத் திருநெல்வேலிக்காரர் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. தைப்பூசத் திருவிழாவில் வருஷந்தோறும் நடத்திக் காட்டுகிறார்கள். வீடுவீடாகப் பிச்சையெடுத்த நெல்லைச் சுவாமி நைவேத்தியத்துக்காகக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. பதறியடித்து ஓடிவருகிறார். நெல் நனையாமல் கிடக்கிறது, சுற்றிலும் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனையோ தடவை கேட்ட கதை. தீபாராதனை ஆகும்போதுதான் அது உறைத்தது: அந்தக் கதையிலும் மழை நிற்கவில்லை. ஊரெல்லாம் நனைந்துதான் இருக்கும், ஓடிவந்த வேதபட்டரும்தான். அவன் காத்தது அந்த ஒரு விரிப்பு நெல்லை.

அந்த வெள்ள ராத்திரியில் அம்மா தூங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காதவள். கீழே அத்தனை சத்தம், கூரையில் அத்தனை மழை. என் கைக்கடியில் அவள் மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே இருந்தும் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கண்ணீர்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துத் தள்ளி நின்றார்கள்.

சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதியம்மன் சந்நிதிக்குப் போய்க் குங்குமம் வாங்கிக்கொண்டேன். நடந்துவரும்போதே பதிகம் தானாக வந்தது. ‘அருந்துயர் கெடும், அவர் நாமமே சிந்தைசெய் நன்னெஞ்சமே.’ அவர் நாமமே என்கிறார் சம்பந்தர். அதுவே போதுமென்று நான் இதுவரை நம்பியதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா நெற்றியில் திருநீறு பூசினேன். அப்போதும் அவளுக்குப் பேச்சு குழறிக்கொண்டுதான் இருந்தது. வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் முயன்று, “மருந்தவை” என்றாள். அதற்குமேல் வரவில்லை.

“மந்திரம்” என்று எடுத்துக்கொடுத்தேன்.