கோலாலம்பூருக்கு வேலைக்கு வரும் தமிழருக்கு: முதல் ஆண்டில் தெரிந்திருக்க வேண்டியவை

கோலாலம்பூரில் வந்து இறங்கியதும் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு தெம்பு வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை, ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை, மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக் கடையில் தமிழிலேயே ஆர்டர். இந்தத் தெம்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர் ஒவ்வொன்றையும் விசாரித்துத் தெரிந்துகொள்வார். இங்கே வருகிறவர் நமக்குத் தெரியாததா என்று விட்டுவிடுகிறார். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார், வரி விதியை விசாரிக்காமல் ஊருக்கு நீண்ட விடுப்பில் போகிறார், இங்குள்ள தமிழரிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுகிறார். இவை எல்லாமே தவிர்க்கக் கூடியவை.

முதலில் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை. திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும், தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்தபின் கூரியரில் அனுப்பி வாங்குவதென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். பெயரிலும் கவனம் வேண்டும். நம் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அதில் போய் உட்கார்ந்திருக்கும். மலேசியப் படிவங்களில் பெரும்பாலும் முழுப்பெயர் என்று ஒரே கட்டம்தான். வங்கி, வாடகை ஒப்பந்தம், வரி எண் எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் எழுதுங்கள். ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் வந்தால், பணம் அனுப்பும்போதும் வரி திரும்பப் பெறும்போதும் அது வேறொரு ஆளின் கணக்காகத் தெரியும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் கிடையாது. கணவனோ மனைவியோ குடும்பத்தினருக்கான தங்கும் அனுமதியான டிபென்டன்ட் பாஸில் வந்தால் அந்தப் பாஸைக் கொண்டு வேலை பார்க்க முடியாது. இரண்டு சம்பளத்தை நம்பிக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இந்தியாவிலுள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றும்படி உங்கள் வங்கியிடம் சொல்வதும் சட்டப்படி உங்கள் பொறுப்பு.

நீங்கள் வரும் தேதிக்கும் வரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மலேசியாவில் வரி ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த ஆண்டில் 182 நாள்கள் இங்கே இருந்தால்தான் வரிக்கு நீங்கள் உள்நாட்டவர், வருமானம் கூடக் கூட விகிதம் ஏறும் படிநிலை வரி. இல்லையென்றால் முதல் ரிங்கிட்டிலிருந்தே 30 விழுக்காடு. ஆகஸ்டிலோ அக்டோபரிலோ வந்து சேர்ந்தவர் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ந்துபோவது இதனால்தான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த ஆண்டில் தொடர்ந்து 182 நாள்களோ கூடுதலாகவோ இங்கே தங்கி, அந்தக் காலம் முந்தைய ஆண்டின் கடைசி நாள்களோடு அறுபடாமல் சேர்ந்திருந்தால், முதல் ஆண்டுக்கும் உள்நாட்டவர் என்றே கணக்கிடுவார்கள். அதிகம் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம். இந்தத் தொடர்ச்சியைக் கெடுப்பது ஊர்ப் பயணம். உறவினரைப் பார்க்கப் போகும் நாள்கள் மொத்தமாக 14-ஐத் தாண்டினால் தொடர் அறுந்துபோகும். கிறிஸ்துமஸில் கிளம்பிப் பொங்கல் முடித்துத் திரும்பும் மூன்று வார விடுப்பு, அந்த ஒரு ஆண்டில் மட்டும், பல மாத வரி வித்தியாசத்தை விழுங்கிவிடும். அலுவலக வேலையாகப் போகும் பயணத்துக்கு இந்த 14 நாள் வரம்பு கிடையாது, ஆனால் அதற்கான கடிதத்தை வைத்திருங்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைப்பதும் நல்லது.

வீட்டுக்கு வருவோம். வழக்கமான கணக்கு இது: இரண்டு மாத வாடகை முன்வைப்பு (டெபாசிட்), அரை மாத வாடகை மின்சார, தண்ணீர் முன்வைப்பு, முதல் மாத வாடகை. மாதம் 2,000 ரிங்கிட் வீடென்றால் சாவி கைக்கு வருவதற்குள் 4,000, 1,000, 2,000 என்று 7,000 ரிங்கிட் போய்விடும். அதற்கு மேல் ஒப்பந்தத்துக்கான முத்திரை வரியும் எழுதும் செலவும். வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் முன்பணம் பெரும்பாலும் முதல் மாத வாடகையில் கழிக்கப்படும். அப்படிக் கழிப்பதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. செலவு மிச்சம் என்று அதைத் தவிர்க்கச் சொல்லும் உரிமையாளரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ இடையில் வெளியேற வழிவிடும் பிரிவு. வழக்கமாக 12 மாதம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதுவார்கள். இது இல்லாமல் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் வேலை போகும் நாளில் முன்வைப்புத் தொகையும் போய்விடும். இரண்டு, ஏசி சர்வீஸ் யார் பொறுப்பு என்பது. பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் விழும், கடைசியில் ரசீது கேட்பார்கள். மூன்று, சுவரில் ஆணி அடிப்பது பற்றிய வரி. சாமி படம் மாட்ட நான்கு ஆணி அடித்துவிட்டு, காலி செய்யும்போது முழுச் சுவருக்கும் வர்ணம் பூசும் செலவைக் கொடுத்தவர்கள் உண்டு. சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு கீறலையும் கறையையும் படமெடுத்துத் தேதி தெரியும்படி உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முன்வைப்பு முழுதாகத் திரும்பி வருவதில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அறை மட்டும் எடுப்பவர்கள் சமையல் அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும். ‘லைட் குக்கிங்’ என்று விளம்பரத்தில் இருந்தால் நூடுல்ஸ் கொதிக்கவைக்கலாம், மீன் குழம்பு வைக்க முடியாது. சில விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். வருத்தமான வழக்கம்தான், நீங்கள் தனியாக எதிர்கொண்டு மாற்றக் கூடியதும் இல்லை. அந்த எண்ணுக்குப் போன் செய்து மனத்தைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். குடும்பத்தோடு வருபவர்கள் வீடு பார்க்கும்போது அடுப்பங்கரைப் புகை எங்கே போகிறது என்று கட்டாயம் பாருங்கள். புதிய கொண்டோ அடுக்ககங்களில் சமையலறை கூடத்தோடு திறந்தே இருக்கும். கடுகு தாளித்த வாசம் சோபாவில் நாள்கணக்கில் நிற்கும். பழைய அடுக்ககங்களில் பின்னால் புகை வரும் சமையலுக்கென்று தனியாக ஈரச் சமையலறை இருக்கும், நம் சமையலுக்கு அதுவே பொருத்தம். ஊர் மிக்சியும் கிரைண்டரும் இங்கே ஓடும், பிளக் மட்டும்தான் வேறு. சதுர முனை மூன்று பின் கொண்ட, உள்ளே பியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். தளர்ந்த அடாப்டரில் கிரைண்டரை ஓட்டினால் சூடேறி உருகும்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்குக் கவலை குறைவு. ‘ஆயாம்’ கோழி, ‘கம்பிங்’ ஆடு, ‘டாகிங்’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்பது தெரிந்தால் போதும். சைவக்காரர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு வரும் மிளகாய்ச் சம்பலில் நெத்திலி இருக்கும். வெறும் கீரை வதக்கல்போல் தெரியும் காங்கோங்கில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். சீனர் கடைக் காய்கறிப் பொரியலில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். மாமாக் கடையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்கு ‘டால் சாஜா’ (பருப்பு மட்டும்) என்று சொல்லாவிட்டால் பருப்போடு மீன் குழம்பையோ கோழிக் குழம்பையோ கலந்து ஊற்றித் தருவது சாதாரணம். அதே கரண்டி எல்லாப் பாத்திரங்களுக்குள்ளும் போய்வரும். மிகக் கண்டிப்பான சைவக்காரர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸின் சைவ உணவகங்களும், சீன பௌத்தர்களின் சைவக் கடைகளும்தான் நிம்மதி. பின்னதில் இறைச்சிபோலவே செய்த சோயா பண்டங்களைப் பார்த்து மிரள வேண்டாம். டீக்கடையில் வெறும் ‘தே’ என்றால் இனிப்பான கெட்டிப் பால் ஊற்றியது. பாலில்லாத டீ ‘தே ஓ’, சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’. சர்க்கரை நோயாளிகள் இந்தக் கடைசிச் சொல்லை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் மேலே ஏறும்.

போக்குவரத்து எளிது. எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்கள், மோனோரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் டச் அண்ட் கோ அட்டை. அந்த அட்டையில் இருக்கும் பணமும் கைபேசிச் செயலியில் இருக்கும் பணமும் தனித்தனி. செயலியில் நூறு ரிங்கிட் இருந்தும் வாயிலில் அட்டை மறுக்கப்படுவது இதனால்தான். மாதம் 50 ரிங்கிட் பயணப் பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். கேடிஎம் கொமுட்டர் ரயிலில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெட்டி பெண்களுக்கானது, அவசரத்தில் ஏறும் ஆண்கள் கவனிக்க வேண்டும். நடைபாதையில் போகும்போது பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துப் போவது நடக்கிறது.

அலுவலகத்தில் மலாய், சீன, இந்திய நண்பர்கள் ஒன்றாக இருப்பார்கள். வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுபோய் எல்லோருக்கும் நீட்டும் நம் வழக்கம் இங்கே தர்மசங்கடத்தை உண்டாக்கலாம். முஸ்லிம் நண்பர் மறுத்தால் அது உங்களை மறுப்பதாகாது. பொது விருந்துக்கு ஹலால் முத்திரை உள்ள கடைப் பண்டத்தை வாங்கி, பெட்டியோடு வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள், அரசு அலுவலகங்களுக்கும் அப்போது போகாதீர்கள். எதிர்பாலினரிடம் அவர்கள் கை நீட்டும்வரை நீங்கள் நீட்ட வேண்டாம். இனம், மதம், அரச குடும்பம் ஆகிய மூன்றையும் பற்றிச் சமூக ஊடகத்தில் எதையும் எழுதவோ பகிரவோ வேண்டாம். சட்டம் கடுமையானது, வேலை பாஸில் இருப்பவருக்கு விளைவும் பெரிது.

இங்குள்ள தமிழரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர், ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் கொண்டுவரப்பட்ட தமிழரின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கில் தொடங்கியது. இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. கோலாலம்பூரின் மகாமாரியம்மன் கோவில் 1873-இல் எழுந்தது, அங்கிருந்து தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. இவற்றின் பின்னால் கூலி வேலை பார்த்த கைகளின் உழைப்பும் இருக்கிறது. ஆகவே “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டு அவர் “கிள்ளான்”, “ஈப்போ”, “சுங்கை சிப்புட்” என்று சொன்னால் அதுதான் அவர் ஊர். “இல்ல, இந்தியாவுல எங்கே?” என்று குடைவது, அவர் இந்த மண்ணுக்கு உரியவர் இல்லை என்று சொல்வதாகவே படும். அந்தக் கேள்வி சாதியை நோக்கிப் போகிறது என்பதும் அவருக்குப் புரியும். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். அவர்கள் பேச்சில் மலாய்ச் சொற்கள் கலந்து வருவதைத் திருத்துவதும் சிரிப்பதும் உறவை முதல் நாளிலேயே முறித்துவிடும். வயதில் மூத்தவரை அண்ணே, அக்கா, அங்கிள், ஆண்டி என்று கூப்பிடலாம், கடை ஊழியரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்குத் திறந்த இல்ல விருந்துக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். எல்லா இனத்தவரும் வருவார்கள். செருப்பை வாசலில் விட்டு, கையில் ஏதாவது பலகாரமோ பழமோ கொண்டுபோனால் போதும்.

தட்பவெப்பம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோலத்தான். பிற்பகலில் இடியோடு மழை பெய்யும், குடை பையிலேயே இருக்கட்டும். அலமாரிக்குள் தோல் செருப்பும் பெல்ட்டும் பட்டுப்புடவையும் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். பருப்பும் ரவையும் வண்டு பிடிக்காமலிருக்கக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இட்லி மாவு ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்துப்போகும். டெங்கு இங்கே எப்போதும் உண்டு, பூந்தொட்டித் தட்டிலும் ஏசி வடிகால் வாளியிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்குக்குப் போய் எம்சி எனப்படும் மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆண்டு வேலையில் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு, ஆனால் சீட்டு இல்லாமல் அது செல்லாது.

வேலையை விட்டு நாட்டைவிட்டுப் போக முடிவெடுத்தால், நிறுவனம் உங்கள் புறப்பாட்டுக்கு குறைந்தது 30 நாள் முன்பு வரித்துறைக்கு சிபி21 படிவம் அனுப்ப வேண்டும். அனுப்பியபின் உங்களுக்குத் தர வேண்டிய கடைசிப் பணத்தை, வரித்துறையின் விடுவிப்புக் கடிதம் வரும்வரை, அதிகபட்சம் 90 நாள்வரை, பிடித்துவைப்பார்கள். விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு, ஊரில் புது வீட்டு முன்பணம் எல்லாவற்றுக்கும் அந்தக் கடைசிச் சம்பளத்தை நம்பாமல் வேறு பணத்தை ஒதுக்கி வையுங்கள். வீட்டு முன்வைப்பும் காலி செய்த பிறகுதான் கைக்கு வரும் என்பதால், இங்குள்ள வங்கிக் கணக்கை இரண்டும் வந்து சேரும்வரை மூடாதீர்கள்.