கேஸ்மென்ட் பேப்பர்ஸ் படிக்கிற நாட்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

1916ல இதே தேதிலதான் ரோஜர் கேஸ்மென்ட்டை லண்டன் பென்டன்வில் ஜெயில்ல தூக்குல போட்டாங்க. ஆப்பிரிக்கா, பிரேசில்னு பிரிட்டிஷ் கான்சலா, அதாவது தூதரக அதிகாரியா வேலை பாத்து 1911ல சர் பட்டம் வாங்கினவர், அஞ்சே வருஷத்துல தேசத்துரோகி. அயர்லாந்து விடுதலைக்கு ஜெர்மனிகிட்ட உதவி கேட்டுப் போயி, நீர்மூழ்கில திரும்பி கெர்ரி கடற்கரைல இறங்கின அன்னைக்கே மாட்டிக்கிட்டார். இந்த மாசம் முழுக்க இவர் எழுதினதைத்தான் படிக்கப்போறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காங்கோ ரிப்போர்ட். பெல்ஜியம் மன்னர் லியோபோல்ட் காங்கோ ஜனங்களை மிரட்டி ரப்பர் எடுக்க வெச்ச ஆட்சி எப்படி நடக்குதுன்னு பாக்க 1903ல ஆத்துவழியா மேல போறார், சர்க்கார் கப்பல் வேண்டாம்னு மிஷனரிங்ககிட்ட ஒரு சின்ன நீராவிப் படகை வாடகைக்கு எடுத்துக்கிட்டு. இது எனக்கு ரொம்பப் பெருசா படுது, ஏன்னா யார் படகுல போறோமோ அவங்க காட்டறதைத்தான் பாக்க முடியும். போலோபோங்கற ஊர்ல ஒரு காலத்துல 40,000 பேர் இருந்தாங்களாம், இவர் போனப்போ 7,000லேர்ந்து 8,000தான். ஈ கடிச்சுப் பரவற தூக்க நோயும் ஒரு காரணம்னு அவரே எழுதறார், மறைக்கல.

ஆகஸ்ட் 7, ராத்திரி

தூக்கம் வரல. 1904ல ரிப்போர்ட்டை அச்சடிச்சப்போ பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம், அதுல வர்ற ஆளுங்க பேர், ஊர்ப் பேரெல்லாம் எடுத்துட்டு வெறும் எழுத்தா போட்டுருச்சு. கேஸ்மென்ட்டுக்கு பயங்கர கோபம். எபோன்டோன்னு ஒரு பையன், கை வெட்டுப்பட்டவன், தன் வாயால சொன்னதை உக்காந்து எழுதி வாங்கியிருக்கார் இவர், புத்தகத்துல அவனுக்குப் பேரே இல்ல. காங்கோ சர்க்கார் என்ன சொல்லுச்சு தெரியுமா, கையை காட்டுப்பன்றி கடிச்சிருச்சாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அதே பிரிட்டிஷ் சர்க்கார்தான் 1916ல இவரோட சொந்த டைரியை டைப் அடிச்சு பத்திரிகைக்காரங்க, எம்பிங்க, அமெரிக்கத் தூதர்னு ஆள் ஆளுக்குக் காட்டுச்சு, ஆண்களோட இருந்த உறவை எழுதியிருக்கார்னு. கருணை மனுவுக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். கோர்ட்ல அந்த டைரி சாட்சியாவே வரல. போலியா நிஜமான்னு எத்தனையோ வருஷம் சண்டை, 2002ல கையெழுத்தை ஆராய்ஞ்சவங்க நிஜம்னு சொன்னாங்க. நிஜமாவே இருக்கட்டும், அதுக்காக ஒருத்தர் உயிரைக் காப்பாத்தச் சொல்ற குரலை அடைக்கலாமா? ரெண்டு நாளா இதேதான் மண்டைல ஓடிட்டிருக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அடுத்து புட்டுமாயோ, 1910. அமேசான் காட்டுல ஹூலியோ அரானாவோட ரப்பர் கம்பெனி, லண்டன்ல பதிவானது, பழங்குடி மக்களை அடிச்சும் பட்டினி போட்டும் வேலை வாங்கினது. 1912ல வந்த அந்த ரிப்போர்ட்டைப் புரட்டினேன். இதுல நார்மண்ட் மாதிரி கொடுமை பண்ணவனுங்க பேர் அப்படியே அச்சுல இருக்கு.