ஓப்பன் சோர்ஸ் ஆவணத்தில் தமிழைச் சேர்க்க ஏழு வாரம்: எங்கெல்லாம் சிக்கியது

ஒரு பைத்தான் நூலகத்தின் பயனர் கையேட்டில் இரண்டு அத்தியாயங்களின் தமிழாக்கம் நேற்று ஒருவழியாக மெர்ஜ் ஆனது, அதாவது திட்டத்தின் மூலத்தோடு இணைந்தது. மொழிபெயர்க்க ஆனது நான்கு மாலைப்பொழுதுகள்தான். அதை உள்ளே சேர்க்க ஏழு வாரம் ஆயிற்று. பாதி அலைச்சலுக்குக் காரணம், தமிழுக்கே உரிய சிக்கல்களைப் பற்றி எந்த வழிகாட்டியிலும் ஒரு வரிகூட இல்லாததுதான்.

திட்டத்தைப் பிரதி எடுக்கும் ஃபோர்க், குளோன், ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸை நிறுவுவது, மூல வாக்கியங்கள் அடங்கிய பாட் கோப்பு எடுப்பது, ஸ்ஃபிங்ஸ்-இன்டல் கொண்டு அவற்றின் தமிழாக்கத்தை எழுதும் பிஓ கோப்புகளை உருவாக்குவது எல்லாம் அரை மணி நேர வேலை.

முதல் அடி விழுந்தது கிளையில், அதாவது திட்டத்தின் எந்தப் பதிப்புக்கு அனுப்புவது என்பதில். பங்களிப்பாளர் வழிகாட்டி மெயின் கிளைக்கு அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். மூன்று வாரம் பதிலில்லை. பிறகு "மொழிபெயர்ப்புகள் நிலையான வெளியீட்டுக் கிளைக்கு மட்டும்" என்று ஒரே வரி எழுதி மூடிவிட்டார்கள். வழிகாட்டி பழையது, யாரும் திருத்தவில்லை. அதனால் வழிகாட்டியை மட்டும் நம்பாதீர்கள். கடைசியாக மெர்ஜ் ஆன நான்கைந்து மொழிபெயர்ப்பு புல் ரிக்வெஸ்ட்கள் (சேர்க்கக் கோரி அனுப்பும் மாற்றங்கள்) எந்தக் கிளைக்குப் போயின என்று பாருங்கள், இரண்டு நிமிடம் போதும். கிளை மாறினால் மூலச் சரங்களும் (தனித்தனியாக மொழிபெயர்க்கும் துண்டுகள்) கொஞ்சம் மாறியிருக்கும். அதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பிஓ கோப்பைப் புதிய பாட் கோப்போடு இணைக்கும் எம்எஸ்ஜிமெர்ஜ் கட்டளைக்குப் பழைய பிஓ கோப்பை 'கம்பெண்டியம்' (பழைய மொழிபெயர்ப்புகளின் தொகுப்பு) ஆகக் கொடுத்தால், மாறாத சரங்களின் தமிழ் அப்படியே வந்து உட்காரும்.

அடுத்ததுதான் பெரிய தலைவலி, வேற்றுமை உருபு. ஸ்ஃபிங்ஸ் படிக்கும் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் வடிவத்தில் `` போன்ற குறிமுறையின் முடிவுக் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வர வேண்டும். ஆங்கிலத்தில் இது தானாக அமைந்துவிடும். தமிழில் ``கான்ஃபிக்``ஐ என்று உருபை ஒட்டி எழுதினால், ஐ ஓர் எழுத்து என்பதால் முடிவுக் குறியையே அது ஏற்பதில்லை. 'தொடக்கக் குறி இருக்கிறது, முடிவுக் குறி இல்லை' என்ற எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகளைப் பிழையாக எண்ணும்படி ஸ்ஃபிங்ஸை ஓட்டும் திட்டங்களில் சிஐ (அனுப்பியதைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) அங்கேயே விழும். எனக்கு முதல் ஓட்டத்தில் 64 எச்சரிக்கைகள். ஏறக்குறைய அத்தனையும் ஐ, ஆல், க்கு, இல்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. உருபுக்கு முன் பேக்ஸ்லாஷும் ஓர் இடைவெளியும் இடலாம்: ``கான்ஃபிக்``\ ஐ. அச்சில் இரண்டும் ஒட்டியே வரும். ஆனால் பிஓ கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் நேரடியாகத் திருத்துபவர்கள் பேக்ஸ்லாஷை இரண்டு முறை இட வேண்டும். ஒன்று மட்டும் இட்டால் பிஓ கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளை பிழை காட்டும். இரண்டாவது, இணைப்புக்கோடு: ``கான்ஃபிக்``-ஐ. இது சரியாக வேலை செய்யும், பக்கத்திலும் கோடு தெரியும். மூன்றாவதே எனக்குப் பிடித்தது. ஒரு பொதுச் சொல்லைச் சேர்த்து உருபை அதற்குக் கொடுத்துவிடுங்கள்: ``கான்ஃபிக்`` கோப்பை, ``ஓப்பன்`` ஃபங்ஷனால், ``இன்ஸ்டால்`` கட்டளைக்கு. படிப்பவருக்கும் அது கோப்பா, ஃபங்ஷனா என்று தெரிந்துவிடும், அடுத்து திருத்த வருபவரும் தெரியாமல் உடைக்க மாட்டார். 64 இடங்களில் 50க்கு மேல் இப்படித்தான் தீர்த்தேன்.

இன்னொன்று: மூல வாக்கியத்தில் இரண்டு இணைப்புகள் இருந்தால் தமிழிலும் இரண்டு இருக்க வேண்டும். வாக்கியம் நன்றாக ஓடட்டும் என்று ஒன்றை விட்டுவிட்டால் அதற்கும் எச்சரிக்கை வரும்.

கலைச்சொல் பட்டியலில் ஒரு முழு மாலை போனது. 'தொகுப்பு' பட்டியலில் இருக்கிறது, ஆனால் அச்சொல் பட்டியலில் இல்லை என்கிறது ஸ்ஃபிங்ஸ். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒரு விசைப்பலகை 'ொ' குறியை ஒரே குறியெண்ணாக எழுதியிருந்தது, இன்னொன்று ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாக எழுதியிருந்தது. எல்லாக் கோப்புகளையும், பிரிந்த குறிகளை ஒரே குறியெண்ணாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று. ஆனால் ஔகாரத்தில் குறிக்குப் பதில் 'ள' எழுத்தையே தட்டியிருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது. அதைத் தேடித்தான் திருத்த வேண்டும்.

பிஓ இல்லாமல் நேரடியாக எழுதிய தமிழ் அறிமுகப் பக்கத்தில் தலைப்பின் அடிக்கோடு போதவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. 'நிறுவுதல்' என்பதில் கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஸ்ஃபிங்ஸ் பயன்படுத்தும் டாக்யூடில்ஸ் நூலகத்தின் கணக்கில் எட்டு: புள்ளியை விட்டுவிடும், உயிர்க்குறிகளைத் தனித்தனியாக எண்ணும். அடிக்கோடு நீளமாக இருந்தால் தவறில்லை, எழுத்தைப் போல் இருமடங்கு போட்டுவிடுங்கள். தலைப்புக்கு மேல் ஆங்கில எழுத்தில் ஒரு லேபிளும் கட்டாயம் கொடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்த் தலைப்புகளுக்கு வெறும் வரிசை எண்தான் அடையாளமாகும். நடுவில் ஒரு பகுதி சேர்ந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்புகள் இடம் மாறிவிடும்.

மூலநிரலின் டாக்ஸ்ட்ரிங்குகளும் (ஃபங்ஷனோடு எழுதிய விளக்கங்கள்) பாட் கோப்பில் வரும். அவற்றை மொழிபெயர்க்கையில் ஒரு தவறு கண்ணில் பட்டது: டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 30 வினாடி என்றது டாக்ஸ்ட்ரிங், ஃபங்ஷன் வரையறையிலோ 10. இதை மொழிபெயர்ப்போடு கலக்காமல் தனி புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பினேன். இரண்டே நாளில் மெர்ஜ் ஆனது, இந்த ஏழு வாரத்தில் மனம் குளிர்ந்த நாள் அதுதான். ஆனால் மூலம் மாறியதால் அந்தச் சரம் ஃபஸ்ஸி ('மீண்டும் சரிபார்க்க வேண்டும்' என்ற கொடி) ஆகி, தமிழ்ப் பக்கத்தில் அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் வந்தது. ஃபஸ்ஸி சரங்களை ஸ்ஃபிங்ஸ் இயல்பாகவே ஒதுக்கிவிடும், எச்சரிக்கையும் தராது. எம்எஸ்ஜிஅட்ரிப் கட்டளையில் ஃபஸ்ஸி மட்டும் என்று கேட்டால் பட்டியல் கிடைக்கும். தமிழைச் சரிபார்த்த பிறகே அந்தக் கொடியை நீக்குங்கள்.

கடைசியில் நிறுத்தியது கையொப்பத்தைச் சரிபார்க்கும் தானியங்கி. கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) இருந்த மின்னஞ்சலும் 'சைன்ட்-ஆஃப்-பை' என்ற கையொப்ப வரியில் இருந்ததும் வேறு வேறு. முதலில் கிட் அமைப்பில் பெயரையும் மின்னஞ்சலையும் சரிசெய்து, கமிட்டின் ஆசிரியர் விவரத்தையும் அதற்கேற்ப மாற்றி, கமிட்டுகளை மறுபடி எழுதும் ரீபேஸை, கையொப்ப வரி சேர்க்கும் சைன்ஆஃப் விருப்பத்தோடு ஓட்டி, ஃபோர்ஸ்-வித்-லீஸ் கொடுத்து புஷ் செய்தால் (பழையதன் மேல் மீண்டும் அனுப்பினால்) தீரும். முதன்முறை அனுப்புபவருக்குப் பல திட்டங்களில் பராமரிப்பாளர் அனுமதித்தால்தான் சிஐயே ஓடும். எனக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஐந்தாறு நாள் இப்படிப் போனது. ஆகவே திட்டத்தின் சிஐ கோப்பைத் திறந்து, அதிலுள்ள கட்டளையையே, எச்சரிக்கையைப் பிழையாக்கும் விருப்பத்தோடு, உங்கள் கணினியில் ஓட்டி சுத்தமாக முடிந்த பிறகு அனுப்புங்கள். கமிட்டுக்கு முன் மாறிய வரிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். என் எடிட்டர் பிஓ வரிகளை வேறு அகலத்தில் மடித்து எழுதியதால், 12 சரத் திருத்தம் 1,900 வரி மாற்றமாகப் போய்த் திரும்பி வந்தது.

இன்று காலை புதிய பாட் கோப்போடு மீண்டும் இணைத்துப் பார்த்தேன். 23 சரங்கள் ஃபஸ்ஸி. அவற்றில் ஒன்பதில் மூலத்தில் ஒரு காற்புள்ளி மட்டுமே மாறியிருக்கிறது, முதலில் அவற்றை முடிக்கிறேன்.