எவர்சில்வர் டம்ளர்

மனுஷன் அடிப்படையில் நல்லவனா கொடூரனா என்று பேச்சு வந்தால் எல்லாரும் நேராக ஹிட்லருக்குப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் அன்னை தெரசாவுக்கு. எனக்கு 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்தான் ஞாபகம் வரும்.

செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் அப்புறம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, கோட்டூர்புரத்தில் எங்கள் கீழ்வீடு விடிவதற்குள் தண்ணீருக்குள் போயிருந்தது. குப்பத்துக்காரர்கள்தான் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியாத கீழ்வீட்டுத் தாத்தாவை மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள், அவர் பையன் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டியதற்கு, "மொதல்ல பெரியவருக்கு மருந்து வாங்கு சார்" என்றார் ஒருவர். மீன் வாடை வரும் என்று குப்பத்து ஆட்களுக்கு வாடகைக்கு வீடு தராத தெரு இது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே வாரம் முனைக் கடைக்காரர் அரை லிட்டர் பால் பாக்கெட்டை 100 ரூபாய்க்கு விற்றார். திட்டிக்கொண்டே வாங்கினேன். பின்பக்கக் குடிசையில் இருந்த இரண்டு குடும்பங்களை அவர் தன் மாடியில் தங்கவைத்துச் சோறு போட்டார் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. சரி, இந்த ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதனால் கொடுமை செய்யத் தனியாக ஒரு கெட்டவன் வேண்டும் என்று நான் இப்போது நம்புவதில்லை. ஆபத்தில் ஓடிவந்து உதவுவது நம் இயல்பிலேயே இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விவகாரம்.

என் அம்மா சிலிண்டர் தீரும்வரை எலுமிச்சைசாதம் கிளறினார். மொட்டை மாடியில் ஒதுங்கியவர்கள் யார், என்ன ஆட்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகுக்காரர்களுக்கு எங்கள் எவர்சில்வர் டம்ளரில்தான் டீ கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் உறை இல்லை. ஊறிப்போன மெத்தைகளையும் சாக்கடைச் சேற்றையும் வெறுங்கையால் அள்ளினார்கள். அம்மா வயதில் ஒரு பெண் கேட்டருகே நின்று, "கொஞ்சம் குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார். அம்மா உடனே உள்ளே போனார். ஆனால் வர நேரமாயிற்று. கழுவிய டம்ளர்கள் மேடையில் வரிசையாகக் கவிழ்த்திருக்க, நிவாரணப் பொட்டலத்தோடு வந்த பிளாஸ்டிக் கப் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். "குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடும்மா" என்று அன்பாகத்தான் சொன்னார். நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

தூக்கிப் போடப்போகிற கப்தான். ஆனாலும் அந்தப் பெண் அதில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தார்.